பிளக்கைக் கழற்றிய பிறகும் 210 வோல்ட்!



பள்ளி விடுமுறையில் என் மாமா தம்முடைய பழைய வால்வு ஹெட்போன் ஆம்பிளிஃபையரை என்னிடம் கொண்டு வந்தார். இடக்காதில் பாட்டு நன்றாகக் கேட்கிறது. வலக்காதில் சத்தமே இல்லை. எப்போதாவது கரகரவென்று ஒலித்துவிட்டு மீண்டும் அடங்கிவிடும். “வால்வு போயிருக்கும்மா, புதுசு ஒன்னு வாங்கி மாட்டிடு” என்றார்.

பள்ளி திறந்ததும் அதை ஆய்வுக்கூடத்திற்கு எடுத்துச் சென்றேன். அறிவியல் கழகத்தைச் சேர்ந்த படிவம் 5 மாணவர்கள் இருவர் உடன் இருந்தார்கள். அன்று நாங்கள் பழுதைக் கண்டுபிடித்தோம். அதைவிட முக்கியமான வேறொன்றையும் கண்டுபிடித்தோம்.

முதலில் ஓர் எச்சரிக்கை. சுவர் மின்சாரத்தில் இயங்கும் எந்தக் கருவியையும் நீங்கள் திறக்கக் கூடாது. இதைப் படித்துப் புரிந்துகொள்ளுங்கள். நீங்களே செய்து பார்க்க 9 வோல்ட் சோதனை ஒன்றைக் கட்டுரையின் கடைசியில் தந்திருக்கிறேன்.

வால்வுக்குள் என்ன நடக்கிறது?

காற்று நீக்கிய கண்ணாடிக் குப்பிதான் வால்வு. உள்ளே இருக்கும் கேத்தோடு சூடானதும் அதிலிருந்து எலெக்ட்ரான்கள் வெளியேறுகின்றன. மின்னணுவியல் பாடத்தில் நீங்கள் படிக்கும் வெப்ப அயனி உமிழ்வு இதுதான். நேர் மின்னழுத்தம் உள்ள ஆனோடு அந்த எலெக்ட்ரான்களை ஈர்க்கிறது. 1904இல் ஜான் அம்புரோஸ் ஃபிளெமிங் உருவாக்கிய வால்வில் இந்த இரண்டு முனைகளே இருந்தன. 1906இல் லீ டி ஃபாரஸ்ட் இவற்றுக்கு நடுவே மூன்றாவதாக ஒரு கம்பி வலையைச் சேர்த்தார். வலையில் மின்னழுத்தம் சிறிது மாறினால் போதும், எலெக்ட்ரான் ஓட்டம் பெரிதாக மாறும். சிறிய ஒலிக்குறிகை பெரிதாவது இப்படித்தான்.

எலெக்ட்ரான்களை வலுவாக ஈர்க்க ஆனோடுக்கு உயர்ந்த மின்னழுத்தம் வேண்டும். மாமாவின் கருவியில் அது ஏறக்குறைய 250 வோல்ட். கைப்பேசி சார்ஜரின் 5 வோல்ட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

குற்றவாளி வால்வா, பலகையா?

இந்தக் கருவியில் ஒவ்வொரு காதுக்கும் ஒரு வால்வு. இரண்டும் 12பிஎச்7 என்ற ஒரே வகை. ஆகவே முதல் சோதனைக்குக் காசு செலவில்லை. கருவியை அணைத்து, வால்வுகள் ஆறியதும் இடம் மாற்றி மாட்டினோம். வால்வுதான் பழுது என்றால், இப்போது இடக்காது ஊமையாக வேண்டும். ஆனால் மீண்டும் வலக்காதுதான் ஊமை. குப்பி இடம் மாறியும் பழுது இடம் மாறவில்லை. அப்படியானால் வால்வு நிரபராதி. பழுது மின்சுற்றுப் பலகையில் இருக்கிறது.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, விளைவைக் கவனி. கட்டுப்படுத்தப்பட்ட மாறிகள் என்று நீங்கள் செய்முறை அறிக்கையில் எழுதுவது பழுது பார்க்கவும் உதவுகிறது.

அடுத்து, மின்வழங்கி சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வால்வுகளைக் கழற்றி வைத்தேன். மல்டிமீட்டரின் கிளிப்புகளை முதலில் மாட்டிவிட்டு, எல்லாரையும் தள்ளி நிற்கச் சொன்ன பிறகே சுவிட்சைப் போட்டேன். மீட்டர் 250 வோல்ட் காட்டியது. மின்வழங்கியில் குறையில்லை. சுவிட்சை அடைத்துப் பிளக்கையும் கழற்றினேன்.

“பிளக்கையே கழற்றியாச்சு டீச்சர், இனி தொடலாமே?” என்று ஒரு மாணவர் பலகையை நோக்கிக் கையை நீட்டினார். “மீட்டரைப் பார்” என்றேன். நீட்டிய கை அப்படியே நின்றது.

இரண்டு நிமிடம் காத்திருந்தோம். மீட்டர் காட்டியது 210 வோல்ட்!

தேங்கி நின்ற மின்னூட்டம்

மாறுதிசை மின்னோட்டத்தை டையோடுகள் ஒருதிசையாக்கும்போது மேடு பள்ளமான மின்னழுத்தம் கிடைக்கிறது. அதைச் சமமாக்க ஒரு மின்தேக்கியை வைக்கிறோம். மழைநீரைத் தேக்கி வைக்கும் தொட்டி போல அது மின்னூட்டத்தைத் தேக்கி வைக்கிறது. மழை நின்றவுடன் தொட்டி காலியாகிவிடுமா? ஆகாது. பிளக்கைக் கழற்றினாலும் மின்தேக்கி அப்படித்தான்.

இந்த மின்தேக்கியின் அளவு 100 மைக்ரோஃபாரட், அதாவது 0.0001 ஃபாரட். அதில் தேங்கும் ஆற்றலைக் கணக்கிடுவோம்:

½ × 0.0001 × 250 × 250 = 3.1 ஜூல்

ஒரு கிலோ அரிசிப் பையை 30 சென்டிமீட்டருக்குச் சற்று மேல் தூக்கத் தேவையான ஆற்றல் இது. ‘இவ்வளவுதானா?’ என்று நினைக்காதீர்கள். ஈரமான தோலோடு உடலின் மின்தடை 1,000 ஓம் என்று கொண்டால், ஓம் விதிப்படி தொட்ட கணத்தில் பாயும் மின்னோட்டம் 250 ÷ 1,000 = 0.25 ஆம்பியர். அது ஒரு கையில் புகுந்து மறு கை வழியே வெளியேறினால் இதயத்தைக் கடந்து செல்லும். அந்த ஆற்றலில் பெரும்பகுதி ஒரு வினாடிக்குள் உடலில் இறங்கிவிடும்.

இதைத் தடுக்கத்தான் மின்தேக்கியின் இரு முனைகளுக்கும் குறுக்கே ஒரு வடிகால் மின்தடையை வைக்கிறார்கள். தொட்டியின் அடியில் உள்ள சிறு துளையைப் போல, அது மின்னூட்டத்தை மெல்ல வடிக்கும். இக்கருவியில் அதன் அளவு 220 கிலோ ஓம். மின்தடையையும் மின்தேக்குத்திறனையும் பெருக்கினால் கிடைப்பது கால மாறிலி:

220,000 × 0.0001 = 22 வினாடி

ஒவ்வொரு 22 வினாடிக்கும் மின்னழுத்தம், அதற்கு முன் இருந்ததில் ஏறக்குறைய 37 விழுக்காடாகக் குறையும். ஐந்து கால மாறிலிகள், அதாவது 110 வினாடி கடந்ததும் 2 வோல்ட்டுக்கும் கீழே போயிருக்க வேண்டும். மீட்டரோ 210 வோல்ட் காட்டியது. அப்படியானால் வடிகால் வேலை செய்யவில்லை!

பிறகு ஏன் மாமாவுக்கு இதுவரை எந்த ஆபத்தும் வரவில்லை? அணைத்த பிறகும் வால்வின் கேத்தோடு சில வினாடிகள் சூடாகவே இருக்கும். அந்த நேரத்தில் வால்வுகளே மின்னூட்டத்தின் பெரும்பகுதியை வடித்துவிட்டன. நாங்கள் வால்வுகளைக் கழற்றிவிட்டுச் சோதித்ததால் அந்த வழியும் அடைபட்டது. ஒளிந்திருந்த ஆபத்து வெளியே தெரிந்தது.

கண்ணுக்கு எளிதில் தெரியாத வளையம்

10 கிலோ ஓம், 10 வாட் மின்தடையின் காப்பிட்ட கம்பிகளை மின்தேக்கியின் முனைகளில் மாட்டினேன். இப்போது கால மாறிலி ஒரே ஒரு வினாடி. பத்து வினாடியில் மீட்டர் பூஜ்யத்துக்கு வந்தது. அதன் பிறகுதான் பலகையைத் திருப்பினோம். சிலர் ஸ்க்ரூடிரைவரால் இரு முனைகளையும் இணைத்துவிடுவார்கள். தீப்பொறி பறக்கும், உலோகத் துணுக்கு கண்ணில் தெறிக்கும். அது முறையல்ல.

உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தபோது, வலப்பக்க வால்வு சாக்கெட்டின் ஆனோடு முனையைச் சுற்றிப் பற்றாசில் மெல்லிய கறுப்பு வளையம் ஒன்று தெரிந்தது. அது விரிசல். வடிகால் மின்தடையின் காலடியிலும் அதே போன்ற வளையம் இருந்தது. ஒன்று ஒலியை நிறுத்தியது. மற்றது உயிருக்கு உலை வைக்கக் காத்திருந்தது.

விரிசல் எப்படி வந்தது? ஒரு 12பிஎச்7 வால்வைச் சூடாக்க மட்டும் 12.6 வோல்ட், 0.3 ஆம்பியர் தேவை. அது 3.8 வாட் வெப்பம். வடிகால் மின்தடையும் சதா 0.28 வாட் வெப்பத்தை வெளியிட்டுக்கொண்டே இருக்கும். பலகையும் செம்பும் பற்றாசும் வெவ்வேறு அளவில் விரிகின்றன. தினமும் சூடாகி, தினமும் ஆறி, பல ஆண்டுகளில் பற்றாசு களைத்துப்போய் விரிசல் விடுகிறது.

பழைய பற்றாசை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாகப் பற்றவைத்தேன். அதோடு ஒரு மாற்றமும் செய்தேன். முதல் மின்தடைக்குப் பக்க இணைப்பாக இன்னொரு 220 கிலோ ஓம் மின்தடையைச் சேர்த்து, இரண்டையும் பலகையிலிருந்து சற்று உயர்த்தி வைத்தேன். இப்போது மொத்த மின்தடை 110 கிலோ ஓம், கால மாறிலி 11 வினாடி. இனி ஒன்று அறுந்தாலும் மற்றொன்று காப்பாற்றும்.

மாமாவின் வலக்காதில் மீண்டும் பாட்டு ஒலித்தது. புது வால்வு வாங்கும் செலவும் மிச்சம்.

செய்து பாருங்கள்

தேவையானவை: 9 வோல்ட் மின்கலம், 1,000 மைக்ரோஃபாரட் (16 வோல்ட்) மின்தேக்கி, 22 கிலோ ஓம் மின்தடை, மல்டிமீட்டர், கைக்கடிகாரம்.

1. மின்தேக்கியின் நேர், எதிர் முனைகளைக் கவனித்து, மின்தடையையும் மீட்டரையும் அதற்குக் குறுக்கே இணையுங்கள். முனைகளை மாற்றி இணைத்தால் மின்தேக்கி கெட்டுவிடும்.
2. மின்கலத்தை இணைத்து 9 வோல்ட் ஆனதும் கழற்றுங்கள்.
3. 11 வினாடிக்கு ஒரு முறை மின்னழுத்தத்தைக் குறித்து வரைபடம் வரையுங்கள். 22ஆவது வினாடியில் ஏறக்குறைய 3.3 வோல்ட் இருக்கும்.
4. மின்தடையின் ஒரு காலை விடுவித்துவிட்டு மீண்டும் செய்யுங்கள். எங்கள் ஆய்வுக்கூடத்தில் நடந்தது உங்கள் மேசையிலும் நடக்கும்!

சிந்தியுங்கள்

இந்த 1,000 மைக்ரோஃபாரட் மின்தேக்கி, மாமாவின் கருவியில் இருப்பதைவிடப் பத்து மடங்கு பெரியது. ஆனாலும் 9 வோல்ட்டில் அதில் தேங்கும் ஆற்றல் 0.04 ஜூல் மட்டுமே. ஏன்?

விடை: ஆற்றல் மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆபத்தை மின்தேக்கியின் பருமனைப் பார்த்து எடைபோடாதீர்கள்.

அணைத்தாயிற்று என்பது நம் எண்ணம். மீட்டர் காட்டுவதே உண்மை. அந்த மாணவர் இப்போது எந்தப் பலகையைக் கண்டாலும் முதலில் கேட்பது, “டீச்சர், அளந்தாச்சா?”