துபாய் விமானம் எப்போ வரும்? கணக்குப் போட்டுப் பார்ப்போம்

நம் உறுப்பினர்கள் பலர் வீட்டில் மகனோ கணவரோ வளைகுடா நாட்டில் வேலை பார்க்கிறார். அவர் ஊருக்கு வரும்போது வண்டி பேசுவது நாம்தான். டிக்கெட்டைத் தப்பாகப் படித்தால் வாடகை வீண்.

சென்னைக்கும் துபாய்க்கும் நடுவே வான்வழி தூரம் சுமார் 2,900 கிலோமீட்டர். விமானம் மணிக்கு 850 கிலோமீட்டர் போகும் என்று வைத்துக்கொள்வோம். வகுத்தால் ஏறக்குறைய மூன்றரை மணி நேரம். ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறையுமே, அதற்கு அரை மணி சேர்ப்போம். ஆக 4 மணி நேரம்.

இப்போ டிக்கெட்டைப் பாருங்கள். துபாயில் 14-ம் தேதி இரவு 10.00 மணிக்குப் புறப்பாடு, சென்னையில் 15-ம் தேதி அதிகாலை 3.30-க்கு வருகை என்று இருக்கிறது. "அஞ்சரை மணி நேரமா?" என்று தோணும். இல்லை. புறப்படும் நேரம் அந்த ஊர்க் கடிகாரம், வந்துசேரும் நேரம் நம்ம ஊர்க் கடிகாரம். துபாய் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால். அங்கே 10 என்றால் இங்கே 11.30. அதிலிருந்து எண்ணுங்கள், 4 மணி நேரம்தான்!

சிங்கப்பூரும் சென்னையிலிருந்து கிட்டத்தட்ட அதே தூரம். ஆனால் அங்கே கடிகாரம் நமக்கு இரண்டரை மணி முன்னால். அங்கே இரவு 10-க்கு ஏறினால் அன்றைக்கே 11.30-க்கு இங்கே இறங்கிவிடலாம்.

பாஸ்போர்ட் சோதனை, பெட்டி எடுப்பது என்று இன்னும் ஒரு மணி நேரம் ஆகும். வண்டிக்காரரிடம் "14 ராத்திரி கிளம்பணும், 15 விடியக்காலையில் விமான நிலையத்தில் இருக்கணும்" என்று தேதியோடு சொல்லுங்கள்.