குடியும் ஒரு நோய்தான்: மறுவாழ்வு மையத்தில் என்ன நடக்கிறது?



சேமிப்பு, கடன், தவணை என்று பேச்சு எடுத்தாலே நம் குழுக்களில் குடியும் கூடவே வந்துவிடுகிறது. "தவணைக்கு வச்சிருந்த பணத்தை எடுத்துட்டுப் போயிட்டாருக்கா" என்ற பேச்சைக் கேட்காத குழு அபூர்வம். சத்தியம் வாங்குகிறோம், கோயிலில் கயிறு கட்டுகிறோம். நாலு நாள் தாங்குகிறது. ஐந்தாம் நாள் மறுபடியும் கடை வாசல். ஏன் இப்படி?

மனசு மட்டும் போதாது

குடிக்கு அடிமையாவது ஒரு நோய் என்கிறது மருத்துவம். தினமும் அதிகமாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால், சில மணி நேரத்திலேயே கை நடுங்கும், வியர்க்கும், தூக்கம் வராது. சிலருக்கு ஓரிரு நாளில் வலிப்பு வரும். அதன்பின் இல்லாதது கண்ணுக்குத் தெரியும், ஆள் குழம்பிப் போவார். இது உயிருக்கே ஆபத்து. அதனால் அறையில் பூட்டி வைத்துக் குடியை நிறுத்தப் பார்க்கக் கூடாது. மருத்துவரிடம்தான் போக வேண்டும்.

மையத்தில் நடப்பது

1. முதல் ஒரு வாரம், பத்து நாள் உடம்புக்கு வைத்தியம். நடுக்கம், வலிப்பு வராமல் மருந்தும், வைட்டமின் பி1 சத்தும் கொடுப்பார்கள்.
2. பிறகு மனதுக்கு வைத்தியம். ஆலோசகர் தனியாகப் பேசுவார். மற்ற நோயாளிகளோடு உட்கார்ந்தும் பேச வைப்பார்கள். எந்த நேரத்தில், யாரோடு சேர்ந்தால் ஆசை வருகிறது, அதை எப்படித் தாண்டுவது என்று கற்றுக்கொள்வார்.
3. குடும்பத்துக்கும் ஆலோசனை உண்டு. "என்னாலதான் குடிக்கிறாரோ" என்ற குற்ற உணர்வை நாம் இறக்கி வைக்கும் இடம் அது.
4. வீடு திரும்பிய பின் தொடர் கவனிப்பு. இதை விட்டால் பட்ட பாடெல்லாம் வீண்.

கஞ்சா, போதை மாத்திரைக்கு அடிமையானவர்களுக்கும் இங்கே சிகிச்சை உண்டு.

சென்னையில் சாந்தி ரங்கநாதன் என்ற பெண்மணி, குடியால் கணவரை இழந்த பின், 1980-இல் இத்தகைய சிகிச்சைக்கென டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார். 1992-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். தன் வீட்டுத் துயரத்தைப் பலருக்கு வழியாக மாற்றியவர் அவர்.

ஏமாறாமல் இருக்க

* "சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுங்க, குடியை விட்டுடுவார்" என்று விற்கும் மருந்தை வாங்காதீர்கள். குடியை நிறுத்தத் தரும் சில மாத்திரைகள், அது தெரியாமல் குடித்தால் உயிரையே பறிக்கும்.
* மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்த மையமா, மருத்துவர் வருகிறாரா என்று கேளுங்கள். நோயாளியைச் சங்கிலியால் கட்டுவது 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டப்படி குற்றம். அடித்துத் திருத்துவது வைத்தியமே அல்ல.
* வட்டிக்கு வாங்கிக் கட்டணம் கட்டும் முன் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் விசாரியுங்கள். மத்திய அரசு உதவி பெறும் மையங்களும் உண்டு. வழிகாட்டக் கட்டணமில்லாத் தொலைபேசி எண் 14446.

வீடு திரும்பிய பின்

மறுபடி ஒருநாள் குடித்துவிட்டால் "எல்லாம் போச்சு" என்று இடிந்துபோக வேண்டாம். சர்க்கரை நோய் கூடினால் மருத்துவரிடம் ஓடுகிறோமே, அதுபோல உடனே மையத்துக்கு அழைத்துப் போக வேண்டும். பழசைச் சொல்லிக் குத்திக்காட்டாமல் இருப்போம். அதற்காக அடியைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. நோய் என்பது கை நீட்ட அனுமதி அல்ல. அடி விழுந்தால் 181-ஐ அழையுங்கள்.

கணவர் மையத்தில் இருக்கும் மாதம் வீட்டில் ஒரு வருமானம் நின்றுபோகும். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதும், தவணைக்கு அவகாசம் தருவதும் குழு செய்யக்கூடிய பெரிய உதவி.

அடுத்த கூட்டத்தில் பேசுவோம்

1. நமக்கு அருகில் எந்த மருத்துவமனையில் இந்தச் சிகிச்சை கிடைக்கிறது? யார் போய் விசாரிப்பது?
2. சிகிச்சைக்கு உள்கடன் கேட்டால் நம் குழு என்ன முடிவெடுக்கும்?
3. ஊர் விசேஷங்களில், திருந்தி வந்தவரை "ஒரு வாய்தானே" என்று இழுப்பவர்களை எப்படித் தடுப்பது?