ஆறிய புளியோதரை

அன்புத் தம்பிக்கு,

மேல்கோட்டைக் கல்யாணிக் குளக்கரையில் புளியோதரை ஆறியிருந்ததால் வாங்காமல் வந்துவிட்டதாக எழுதியிருக்கிறாய். 'வெளியூரில் சூடாக இருப்பதை மட்டும் தின்னலாம் என்பது சரிதானே ஐயா?' என்றும் கேட்டிருக்கிறாய். பஜ்ஜிக்குச் சரி. புளியோதரைக்குச் சரியில்லை. அரைகுறை விதியை வைத்துக்கொண்டு நல்ல சோற்றை இழந்திருக்கிறாய்.

அரிசியோடு வரும் பாசிலஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் உலை கொதித்தாலும் சாவதில்லை. வெந்த சோறு வெதுவெதுப்பாகவே மணிக்கணக்கில் கிடந்தால் அவை முளைத்துப் பெருகி நஞ்சைக் கக்கும். வாந்தியை உண்டாக்கும் அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. காலையில் வடித்த சோற்றை ராத்திரி சுடச்சுட வறுத்துத் தரும் ஃப்ரைட் ரைஸ் வண்டியை நீ நம்புகிறாய்; புளியை நம்ப மாட்டாய்!

புளியின் அமிலம் அந்தப் பெருக்கத்துக்குத் தடை போடும். புளிக்கரைசல் கொதித்துச் சுண்டி, எண்ணெய் ஓரத்தில் பிரிந்து நிற்கும்போது கொஜ்ஜு என்ற அந்தப் புளிக்காய்ச்சலில் நீரும் குறைந்துவிடும். அதனால்தான் கொஜ்ஜு பல நாள் கெடாது. மேல்கோட்டைப் பக்கத்தில் அதில் வெல்லம், வறுத்த எள், கொப்பரை எல்லாம் சேர்த்து உறைப்போடு ஓர் இனிப்பும் வைப்பார்கள். சோற்றில் பிசைந்து ஊறவிட்டால்தான் கொஜ்ஜு பருக்கைக்குள் இறங்கும். சூடாகத் தின்றால் புளிப்பு தனியாக, சோறு தனியாக நிற்கும். வழிநடைக்குக் கட்டுச்சோறாகப் புளியோதரையைக் கட்டிப்போன நம் பாட்டிமாருக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

இன்னொன்று. 'ராமானுஜர் காலத்துப் பக்குவம்' என்று யாராவது சொன்னால் தலையாட்டாதே. அவர் 12 ஆண்டுகள் திருநாராயணபுரத்தில், அதாவது இதே மேல்கோட்டையில், இருந்தார் என்பது வைணவ மரபு. ஆனால் இன்று புளியோதரையில் போடும் மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி. வாஸ்கோ ட காமா 1498-இல் கோழிக்கோட்டுக்கு வந்தபின், ராமானுஜருக்கு வெகுகாலம் கழித்து, போர்ச்சுகீசியர் வழியாக இங்கே வந்தது. அதற்கு முன் நம் உறைப்பு பெரும்பாலும் மிளகும் திப்பிலியும்தான். கே.டி. அச்சயாவின் 'இந்தியன் ஃபுட்' புத்தகத்தை எடுத்துப் படி. கைப்பேசியில் வருகிறதெல்லாம் வரலாறு ஆகாது.

பங்குனியில் மேல்கோட்டை வைரமுடி சேவைத் திருவிழாவுக்குப் போனால், 'சூடா?' என்று கேட்காதே, 'எப்போது கலந்தீர்கள்?' என்று கேள். காலையில் கலந்ததை மதியத்துக்குள் சாப்பிட்டுவிடு. புளி காக்கும் என்பதற்காக நேற்றுக் கலந்ததை வாங்காதே. அங்கே யோக நரசிம்மர் கோயில் மலைப்படியில் வெள்ளரிக்காய் விற்றால், நறுக்கி வைத்ததை விட்டுவிட்டு முழுக்காயைக் கண்ணெதிரே நறுக்கச் சொல். மிளகாய்ப்பொடி வேண்டுமா என்பது உன் வயிற்றுக்கும் உனக்கும் உள்ள வழக்கு.

அன்புடன்,
உன் ஆசிரியர்