பின்கட்டுக்கு எட்டாத வைஃபை: ரிப்பீட்டர் பழுது பார்க்கும் பாடம்

நம் வியாபாரப் பெருமக்களில் பலருக்குக் கீழே கடை, மேலே வீடு. ஜொகூர் பாருவின் ஜாலான் டோபி, ஜாலான் துருஸ் போன்ற பழைய தெருக்களிலும், மூவார், பத்து பஹாட், குளுவாங் பட்டணங்களிலும் உள்ள கடைவீடுகள் அகலத்தில் குறுகியவை, நீளத்தில் நெடியவை. இணையக் கம்பி வந்து சேரும் இடம் ஒன்று; கல்லா இருக்கும் இடம் ஒன்று; பிள்ளைகள் பாடம் படிக்கும் அறை வேறொன்று. ரவுட்டர் ஒன்றே எல்லா இடத்துக்கும் போதாமையால் ரிப்பீட்டர் என்னும் சிறு பெட்டியை வாங்கிச் சுவரில் மாட்டுகிறோம். மாட்டிய பின்னும் தொல்லை தீராவிட்டால் இன்னொன்று வாங்குகிறோம். பணம் போகிறது, தொல்லை போகவில்லை.

இது அற்ப விஷயமன்று. வாடிக்கையாளர் ஒருவர் டூயிட்நவ் கியூஆர் மூலம் பணம் செலுத்துகிறார். அவருடைய கைப்பேசி, "செலுத்தியாயிற்று" என்கிறது. கல்லாவில் உள்ள நம் கைப்பேசியோ மௌனம் சாதிக்கிறது. பின்னால் நான்கு பேர் காத்து நிற்கிறார்கள். "பணம் வரவில்லையே" என்று நாம் சொல்லும் ஒரு வார்த்தை, நேர்மையான ஒரு மனிதரைப் பலர் முன்னிலையில் சந்தேகத்துக்கு ஆளாக்கிவிடுகிறது. வீண் சந்தேகத்தைத் தவிர்க்கும்படி மார்க்கம் நம்மைப் பணித்திருக்கிறது. அப்படியிருக்க, மாடிப்படியின் கீழே மாட்டிய பெட்டியின் குறையை வந்தவர் தலையில் சுமத்தலாமா? மேலும் மின் விலைப்பட்டியல் முறை 2024 ஆகஸ்ட் 1 முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்திருக்கும் இந்நாளில், இணையம் தடைப்பட்டால் கணக்கும் தடைப்படும். ஆகவே இந்தப் பெட்டியின் குணத்தைச் சற்று அறிந்துகொள்வது நமக்கு அவசியம்.

ரிப்பீட்டர் என்பது யாது?

ஒலிபெருக்கி இல்லாத காலத்தில், பெரிய ஜமாஅத்தில் இமாமின் தக்பீர் பின் ஸஃப்புகளுக்கு எட்டாது. நடுவில் ஒருவர் அதைக் கேட்டு உரக்கத் திருப்பிச் சொல்வார். அவரையே முபல்லிக் என்கிறோம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நோயுற்றிருந்தபோது, அவர்களுடைய தக்பீரை ஹஸ்ரத் அபூபக்கர் (ரலி) அவர்கள் மக்களுக்குக் கேட்கச் செய்த செய்தி ஹதீஸில் வருகிறது.

ரிப்பீட்டர் செய்யும் வேலையும் இதுவே. அது தானாக இணையத்தை உண்டாக்குவதில்லை. ரவுட்டர் சொல்வதைக் கேட்டுத் திருப்பிச் சொல்கிறது. முபல்லிக்கைக் கடைசி ஸஃப்பில் நிறுத்தினால், இமாமின் குரல் அவருக்கே கேட்காது. பிறருக்கு எதைச் சொல்வார்? நாமோ வைஃபை எட்டாத அறையைத் தேடிப்பிடித்து அங்கேதான் ரிப்பீட்டரை மாட்டுகிறோம். பெரும்பாலான தொல்லைக்கு மூலகாரணம் இதுதான்.

இன்னொரு மயக்கமும் உண்டு. ரிப்பீட்டர் அருகே கைப்பேசியில் வைஃபை கோடுகள் நிறைந்து தெரியும். அது கைப்பேசிக்கும் ரிப்பீட்டருக்கும் உள்ள நெருக்கத்தை மட்டுமே காட்டும். ரிப்பீட்டருக்கும் ரவுட்டருக்கும் உள்ள தொடர்பைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. முபல்லிக்கின் குரல் பலமாயிருப்பதால் இமாமின் குரல் அவருக்குக் கேட்கிறது என்று ஆகிவிடாது.

முதலாவது: குறை எவரிடம்?

ரிப்பீட்டரைத் தொடுமுன் அதை அணைத்துவிட்டு, ரவுட்டரின் பக்கத்தில் நின்று இணையத்தைச் சோதியுங்கள். அங்கேயே மந்தமாக இருந்தால் ரிப்பீட்டர் குற்றவாளியன்று. இணையம் வழங்கும் நிறுவனத்தை அழையுங்கள். அங்கு நன்றாக இருந்து பின்கட்டில் மட்டும் கெட்டால், மேலே படியுங்கள்.

இரண்டாவது: இடம்

ரவுட்டருக்கும் வைஃபை எட்டாத அறைக்கும் ஏறத்தாழ நடுவில் ரிப்பீட்டர் இருக்க வேண்டும். அந்த இடத்தில் ரவுட்டரின் வைஃபையைக் கைப்பேசியில் பிடித்துப் பாருங்கள். அலையின் பலத்தை டிபிஎம் என்னும் அளவில் காட்டும் செயலிகள் உண்டு. எண்ணுக்கு முன் கழித்தல் குறி இருக்கும். ஆகையால் எண் சிறியதாக இருந்தால் பலம் அதிகம். -50 மிக நன்று; -65 வரை போதுமானது; -75 ஐத் தாண்டினால் அங்கே ரிப்பீட்டரை மாட்டுவது வீண்.

பழைய கடைவீடுகளின் தடித்த செங்கற்சுவர், கம்பி வைத்துக் கட்டிய காங்கிரீட் தளம், தண்ணீர்த் தொட்டி, ஐஸ் பெட்டி, நிலைக்கண்ணாடி, இரும்பு மடக்குக் கதவு ஆகியவை அலையைத் தடுப்பவை. பெட்டியை நான்கு அடி நகர்த்தினாலே நிலைமை மாறிவிடுவதுண்டு. பெட்டியைப் படிக்கட்டின் வழியிலோ, காற்றுமுற்றத்தின் ஓரத்திலோ வைத்தால் அலைக்குத் திறந்த வழி கிடைக்கும்.

மூன்றாவது: சேரவே மறுத்தால்

வீட்டில் புது ரவுட்டர் வைத்தார்களா, அல்லது கடவுச்சொல் மாறியதா என்று முதலில் விசாரியுங்கள். ரிப்பீட்டர் பழைய சொல்லையே நினைவில் வைத்துக்கொண்டிருக்கும். அதன் சிறு துவாரத்தில் ஊசியால் சில நொடிகள் அழுத்திப் பழைய நினைவை அழித்து, புதிதாகச் சேர்க்க வேண்டும்.

அப்படியும் சேராவிட்டால், அலைவரிசையைப் பாருங்கள். விலை குறைந்த ரிப்பீட்டர்கள் சில 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை மட்டுமே அறியும். 5 கிகாஹெர்ட்ஸ் அலை அவற்றின் கண்ணுக்குத் தெரியாது. 2.4 இல் நம் நாட்டில் 1 முதல் 13 வரை வாய்க்கால்கள் உண்டு. அமெரிக்காவுக்கென்று செய்த சாதனங்கள் 11 உடன் நின்றுவிடும். ரவுட்டர் 12 அல்லது 13 இல் இருந்தால் அவை அதைக் காணா. 5 கிகாஹெர்ட்ஸில் 52 முதல் 64 வரையிலும் 100 க்கு மேலும் உள்ள சில வாய்க்கால்கள் வானிலை ராடாருடன் பங்கிடப்பட்டவை. ராடார் அலை தென்பட்டால் ரவுட்டர் அவற்றை விட்டு விலகியாக வேண்டும். ரிப்பீட்டர் தனித்து நிற்கும். ரவுட்டரை 36, 40, 44, 48 இவற்றுள் ஒன்றில் நிறுத்துவது நலம்.

பூட்டு முறையும் ஒரு காரணம். டபிள்யூபிஏ3 என்னும் பூட்டு 2018 இல் வந்தது. அதற்கு முந்திய ரிப்பீட்டர்கள் டபிள்யூபிஏ2 வரையே அறிந்தவை. ரவுட்டரில் இரண்டையும் ஏற்கும் கலப்பு முறையை வையுங்கள்; அதற்கும் இணங்காவிட்டால் டபிள்யூபிஏ2 போதும். தொல்லை தாளாமல் பூட்டையே எடுத்துவிடுவது கூடாது. கடைக் கணக்கும் வாடிக்கையாளர் விவரமும் நம்மிடம் உள்ள அமானிதம்.

நான்காவது: சேர்ந்தும் இணையம் வராவிட்டால்

ஒவ்வொரு கைப்பேசிக்கும் ரவுட்டர் ஓர் எண் முகவரி வழங்குகிறது. இப்பொறுப்பு டிஎச்சிபி எனப்படும். ஒரு வீட்டில் இதற்கு ஒருவரே அதிகாரியாக இருக்க வேண்டும். ரிப்பீட்டரும் தன்னிச்சையாக முகவரி வழங்கத் தொடங்கினால், ஒரு கடைக்கு இரண்டு கணக்குப்பிள்ளைகள் தனித்தனியே பேரேடு எழுதிய கதையாகிவிடும். ரிப்பீட்டரின் அமைப்புப் பக்கத்தில் டிஎச்சிபியை நிறுத்திவிடுங்கள்.

அடுத்து, இரண்டு பெட்டிகளுக்கும் ஒரே முகவரி இருக்கிறதா என்று பாருங்கள். 192.168.0.1 அல்லது 192.168.1.1 என்பதே பல சாதனங்களுக்குப் பிறவி முகவரி. ரவுட்டர் 192.168.1.1 என்றால், ரிப்பீட்டருக்கு 192.168.1.2 போன்று, ரவுட்டர் பிறருக்கு வழங்காத எண் ஒன்றைக் கொடுங்கள். கணினியில் 169.254 என்று தொடங்கும் முகவரி தெரிந்தால், அதற்கு முகவரி வழங்க எவரும் வரவில்லை என்று பொருள்.

எல்லாவற்றையும் அணைத்து ஏற்றும்போது வரிசை முக்கியம். முதலில் ரவுட்டர், இரண்டு மூன்று நிமிடம் கழித்து ரிப்பீட்டர், கடைசியாகக் கைப்பேசி.

ஐந்தாவது: வேகம் குறைந்தால்

கேட்கும் நேரத்தில் முபல்லிக் பேச முடியாது. பேசும் நேரத்தில் கேட்க முடியாது. ஒரே அலையில் கேட்டு அதே அலையில் சொல்லும் ரிப்பீட்டரும் அப்படியே. ஆதலால் வேகம் ஏறக்குறைய பாதியாகும். அதன் பின்னால் இன்னொரு ரிப்பீட்டரை மாட்டினால் மேலும் பாதி குறையும். இரண்டாவதை வாங்கினால் வேகம் கூடும் என்று எண்ணுவது தவறு. ரவுட்டருடன் 5 கிகாஹெர்ட்ஸிலும், கைப்பேசியுடன் 2.4 இலும் பேசும் இரட்டை அலைப் பெட்டிக்கு இந்தக் குறை குறைவு.

வரிசைக் கடைகளில் அண்டை வீட்டாரின் அலையும் நம் அலையும் மோதும். 2.4 இல் ஒன்றையொன்று தொடாத வாய்க்கால்கள் 1, 6, 11 ஆகிய மூன்றே. அடுத்த கடைக்காரருடன் பேசி ஆளுக்கொன்றாக வைத்துக்கொண்டால் இருவருக்கும் நன்மை. மைக்ரோவேவ் அடுப்பும் அதே 2.4 அலையில் இயங்குவதால், அடுப்பங்கரையில் ரிப்பீட்டரை மாட்டாதீர்கள்.

கைப்பேசி சில வேளை தூரத்து ரவுட்டரையே பிடித்துக்கொண்டு, பக்கத்து ரிப்பீட்டருக்கு மாற மறுக்கும். வைஃபையை ஒருமுறை அணைத்து ஏற்றினால் சரியாகும். கல்லாவில் உள்ள கைப்பேசியை வைஃபையுடன் மட்டும் விட்டுவிடாமல், அதில் கைப்பேசி இணையமும் இருக்கும்படி செய்துகொள்வது விவேகம்.

கம்பியே உறுதி

கடை நிலையானது, கல்லா நிலையானது. நிலையான இடத்துக்குக் கம்பி இழுப்பதே உத்தமம். சாதாரண வலைக்கம்பி ஒரே இழுப்பில் 100 மீட்டர் வரை செல்லும். கடைவீட்டின் முழு நீளத்துக்கும் அது தாராளம். பல ரிப்பீட்டர்களில் கம்பித் துவாரம் இருக்கிறது. அதில் கம்பியை மாட்டி, அமைப்புப் பக்கத்தில் 'ஆக்ஸஸ் பாயிண்ட்' முறைக்கு மாற்றினால், அதே பெட்டி பாதி வேகக் குறையின்றி வேலை செய்யும். புதிதாகச் செலவு செய்யுமுன் கையில் உள்ளதைத் திருப்பிப் பாருங்கள்.

புதிதாக வாங்க நேர்ந்தால், மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையத்தின் அங்கீகார முத்திரை உள்ளதையே வாங்குங்கள். பெட்டியின் பிறவிக் கடவுச்சொல்லை அன்றே மாற்றி, கடைக் கணக்கேட்டில் குறித்து வையுங்கள்.

இனி ஒருவர் பணம் செலுத்தி நம் கைப்பேசி மௌனமாயிருந்தால், அவர் முகத்தைப் பார்க்குமுன் ரிப்பீட்டரின் விளக்கைப் பார்ப்போம். அல்லாஹ் நம் கொடுக்கல் வாங்கலில் பரக்கத்தையும் நம்பிக்கையையும் நிலைபெறச் செய்வானாக. ஆமீன்.