ஆஸ்திரேலியா போகிறவர்கள் அறிய வேண்டியவை

1982-ல் நம்மூர்க் கோயிலில் களவுபோன நடராஜர், ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு கலைக்கூடத்திலிருந்து 2019-ல் திரும்பி வந்ததை அறிவோம். இன்று நம் பிள்ளைகள் அந்நாட்டில் வேலை பார்க்கிறார்கள்; நாமும் போய் வருகிறோம். வெளியூர்ச் சந்தைக்குப் போனால் முதலில் அவ்வூர் அளவையைக் கேட்போமல்லவா? இதுவும் அப்படியே.

1. அப்பளமோ, வற்றலோ, ஊறுகாயோ கொண்டுபோனால் வருகைப் படிவத்தில் உணவுப்பொருள் இருப்பதைக் குறித்துவிட வேண்டும். சொன்னால் பார்த்துவிட்டுத் தருவார்கள், ஆகாததை எடுத்துக்கொள்வார்கள். மறைத்தால் அபராதம்.

2. கடையில் எழுதிய விலையே விலை. வரி இருந்தால் அதிலேயே அடக்கம். 1, 2 சென்ட் காசுகளை 1992-லேயே நிறுத்தத் தொடங்கிவிட்டதால், ரொக்கமாகக் கொடுத்தால் மொத்தத் தொகையை அருகிலுள்ள 5 சென்ட்டுக்குச் சரிசெய்கிறார்கள். சில்லறைக்குப் பதில் மிட்டாய் நீட்டுவதில்லை.

3. வயதில் மூத்தவரையும் பெயர் சொல்லியே அழைப்பார்கள். அது மரியாதைக் குறைவல்ல. வரிசையை மீறுவதும், நன்றி சொல்லாமல் நகர்வதும்தான் குறைவு. பஸ்ஸை விட்டு இறங்கும்போது டிரைவருக்கும் நன்றி சொல்கிறார்கள்.

4. விருந்துக்கு அழைப்பவர் "ஒரு பிளேட் கொண்டு வாருங்கள்" என்றால், பலகாரம் கொண்டு வரச் சொல்கிறார் என்று பொருள். இது தெரியாமல் மகனின் நண்பர் வீட்டில் வெறும் தட்டோடு நின்றோம். தலைகுனிவாகிவிட்டது. முன்னரே மகனிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பெரியவர்கள் பிள்ளைகளிடம் கேட்பதா என்ற எண்ணம் தடுத்துவிட்டது.

அடுத்த விருந்துக்கு நம்மூர் அப்பளம் பொரித்துக் கொண்டுபோனோம். தட்டு காலியாகத்தான் திரும்பியது.