காரில் பிள்ளைகளோடு நெடும்பயணமா?

சென்னையிலிருந்து திருநெல்வேலிக்கு 600 கிலோமீட்டருக்கு மேல். விடியற்காலை நாலரைக்கே கிளம்பினால், திண்டிவனம் தாண்டும்வரை பிள்ளைகள் தூங்கிக்கொண்டே வருவார்கள். பாதித் தொல்லை அங்கேயே தீர்ந்தது.

விழித்ததும் செல்போனை நீட்டாதீர்கள். கண் அசையாத திரையைப் பார்க்க, உட்காது வண்டியின் ஆட்டத்தை உணர, இரண்டும் ஒத்துப்போகாமல்தான் குமட்டுகிறது. வெளியே வேடிக்கை பார்க்க வையுங்கள். நம்பர் பிளேட் விளையாட்டு இதற்குத் தோது: டி.என். 45 என்றால் திருச்சி, 58 மதுரை, 72 நெல்லை. முதலில் கண்டுபிடிப்பவருக்கு ஒரு கடலைமிட்டாய். (சண்டை வந்தால் அம்மாவோ பாட்டியோ தீர்ப்புச் சொல்லட்டும், வண்டி ஓட்டுபவரை இழுக்க வேண்டாம்.)

சாப்பாட்டுக்குப் பொடி தடவிய இட்லி போதும், சிந்தாது. எண்ணெய்ப் பலகாரமும் வயிறு முட்டப் பாலும் வேண்டாம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தி, கொஞ்சம் ஓடவிடுங்கள். கசியாத பை, ஈரத்துணி, மாற்றுச்சட்டை எல்லாம் டிக்கியில் அல்ல, கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். வாந்தி மாத்திரை என்றால் மருத்துவரைக் கேட்டுத்தான்.

எவ்வளவு அடம்பிடித்தாலும் முன்சீட்டில் மடியில் வைத்துக்கொள்ளாதீர்கள். பின்சீட்டில், வயதுக்கேற்ற இருக்கையில், பெல்ட்டோடுதான்.