விரைந்து வாசித்தல்

பரீட்சை மண்டபத்திலே வினாத்தாளை வாசித்து முடிக்குமுன் மணியோசை கேட்ட மாணவனும், கந்தோரிலே மேசைமேற் குவிந்த கோவைகளை நோக்கிப் பெருமூச்செறியும் பழைய மாணவரும் ஒரே குறையை உடையவராவர். கைப்பேசித் திரையிலே நாள் முழுதும் எதையோ வாசித்துக்கொண்டிருப்போரும் நீண்ட கட்டுரையொன்று கையிற் கிடைத்தால் இளைத்துப்போதலைக் காண்கின்றோம். இக்குறை நீங்கும் வழியைச் சிறிது ஆராய்தல் இம்மலரை வாசிப்போர்க்குப் பயன்படுமெனக் கருதி இதனை எழுதலானேன்.

வரியின்மேற் கண் நீரோடுவதுபோல ஓடுகின்றதென்றே பலரும் எண்ணுவர். அஃது உண்மையன்று. 1870களின் இறுதியிலே பாரிஸ் நகரத்துக் கண் வைத்தியராகிய எமில் ஜவாலும் அவருடன் ஆராய்ந்தோரும், வாசிப்போர் கண் தாவித் தாவியே செல்கின்றதென்பதை எடுத்துக்காட்டினர். கண் ஓரிடத்தில் ஏறத்தாழ ஒரு செக்கனின் காற்பங்கு நேரந் தங்கும். பின்னர் அடுத்த இடத்துக்குத் தாவும். தங்கும்போதுதான் எழுத்துப் புலனாகும். அப்போதும் நடுவேயுள்ள சில எழுத்துக்களே தெளிவாகத் தோன்றும். இடையிடையே கண் வந்த வழியே திரும்புதலும் உண்டு.

பழகிய சொல்லிலே கண் நெடுநேரந் தங்காது. ‘நல்லூர்’ என்பதை எழுத்துக்கூட்டி வாசிப்பார் நம்முள் எவருமிலர். ‘ஒளித்தொகுப்பு’ என்பதை விஞ்ஞானம் பயிலாதார் இருமுறை நோக்குவர். ஆதலின் கண்ணைப் பயிற்றுதலினும் சொல்வளத்தைப் பெருக்குதலே விரைவுக்கு முதற்காரணமாகும். பல நூல் வாசித்தவனே விரைந்து வாசிப்பான். குறுக்குவழி தேடுவோர்க்கு இச்செய்தி உவப்பாயிராது.

குறுக்குவழி காட்டினோரும் இருந்தனர். அமெரிக்க ஆசிரியையாகிய எவலின் வூட் 1959ஆம் ஆண்டிலே விரைவு வாசிப்புக்கென ஒரு கல்வி நிலையம் நிறுவினார். கையைப் பக்கத்தின்மேல் ஓட்டிக் கண்ணை அதன்பின் செலுத்துவது அவர் முறை. நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான சொற்களை வாசிக்கலாமென்றனர். கீத் ரெய்னர் முதலியோர் எழுதி 2016இல் வெளிவந்த ஆய்வுக் கட்டுரையோ, வேகம் மிக மிக விளக்கங் குறையுமென்பதைச் சான்றுகளோடு நிறுவிற்று. புனைகதையல்லாத ஆங்கில உரைநடையை மௌனமாக வாசிக்கும் வளர்ந்தோரின் சராசரி வேகம் நிமிடத்துக்கு 238 சொற்களென்பது மார்க் பிறிஸ்பார்ட் 2019இல் கண்ட கணக்கு. தமிழ் வாசிப்போர் இதனோடு தம்மை ஒப்பிட்டு நாணவேண்டுவதில்லை. ‘வாசிக்கவேண்டியிருந்தமையால்’ என்பது நமக்கு ஒரு சொல். ஆங்கிலத்தார்க்கு ஐந்தாறு சொல்.

இவ்வேறுபாட்டைச் சிந்தியாது நான் செய்த பிழையொன்றை இங்கே கூறல் வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் தரம் ஒன்பது மாணவர்க்கு, ஆங்கில நூலொன்றிற் கண்ட முறையை அவ்வாறே கற்பித்தேன். ஒவ்வொரு வாக்கியத்தின் தொடக்கத்தை நோக்குக, எஞ்சியதை மேலோட்டமாகத் தாண்டுக என்பதே அம்முறை. பின்னர் ஓலைச்சுவடிகளைப் பற்றி நானே ஒரு பந்தி எழுதிப் பரீட்சித்தேன். அதிலே, “சுவடிகள் அழிந்தமைக்குக் கறையானும் நெருப்புமே காரணமென்று கூறுதல் பொருந்தாது” என ஒரு வாக்கியம் இருந்தது. காரணம் யாதெனக் கேட்ட வினாவுக்கு ஏறத்தாழ வகுப்பு முழுவதும் ‘கறையானும் நெருப்பும் மாத்திரமே’ என்று எழுதிற்று. ஒரே மாணவன் சரியாக விடையிறுத்தான். அவன் உதடசைத்து மெல்ல வாசிப்பவன். மந்தனென்று நான் பலமுறை கடிந்துகொண்டவன். அவன் விடைத்தாளிலே கடைசி மூன்று வினாக்களும் வெறுமையாயிருந்தன. விரைந்தோர் பொருளை இழந்தனர். பொருளைக் கண்டவன் நேரத்தை இழந்தான். அன்றிரவு அத்தாள்களை வைத்துக்கொண்டு நெடுநேரம் இருந்தேன்.

ஆங்கிலத்திலே எழுவாயை அடுத்து வினையும் எதிர்மறையும் வந்துவிடும். தமிழிலோ பயனிலை பெரும்பாலும் ஈற்றில் நிற்கும். ‘இல்லை’, ‘அன்று’, ‘ஆகாது’ என்னுஞ் சொற்கள் கடைசியில் வந்து முன்சொன்ன அனைத்தையும் மாற்றிவிடும். ஆகவே தமிழை மேலோட்டமாக நோக்குபவன் வாக்கியத்தின் தலையை விட்டாலும் வாலை விடலாகாது. முற்றுப்புள்ளியைக் கண்டு அதற்கு முன்னுள்ள சொல்லை நோக்குக; ‘ஆயினும்’, ‘எனினும்’ என வருமிடங்களிலே வேகத்தைக் குறைக்குக. முற்றுப்புள்ளியும் நமக்கு எளிதிற் கிடைத்ததன்று. ஓலையிலே சொல்லிடைவெளியுமில்லை, குறிகளுமில்லை. அச்சிட்ட தமிழ் உரைநடையிலே நிறுத்தற்குறிகளை வழக்கிற் கொணர்ந்த பெருமை ஆறுமுக நாவலர்க்கு (1822–1879) உரியது. நம் கண் இன்று தயங்காது தாவுவதற்கு அவருக்குங் கடன்பட்டுள்ளோம்.

மிக மெல்ல வாசித்தலும் தீதே. நெடிய தமிழ் வாக்கியத்தை எழுத்தெழுத்தாய் ஊர்ந்து செல்பவன், ஈற்றை அடையுமுன் தொடக்கத்தை மறந்துவிடுகின்றான். உதடசைவை நிறுத்துக, அசையும் உதடு கண்ணைப் பேச்சின் வேகத்துக்குக் கட்டிவைக்கும். மனத்துள்ளே கேட்கும் ஒலியை முற்றாக அடக்க முயலவேண்டா. கடினமான பொருளை விளங்கிக்கொள்ள அவ்வொலி துணைசெய்யும். செய்யுளுக்கு இவ்விதி எதுவும் இல்லை. கோயிலிலே கந்தபுராணத்தை ஒருவர் வாசிக்க மற்றொருவர் பயன் சொல்லும்போது அவசரத்துக்கு இடமேது? கரும்பை மென்றுதான் தின்னல் வேண்டும்.

பரீட்சைக்கு உரியது வேறொரு பழக்கம். முதலில் வினாக்களை வாசிக்குக. பின்னர் பந்தியின் தலைப்பையும் முதல், கடை வாக்கியங்களையும் நோக்குக. அதன்பின் விடையிருக்கும் இடத்தை ஊன்றி வாசிக்குக. அமெரிக்க உளவியலாளர் பிரான்சிஸ் ரொபின்சன் 1946இல் வெளியிட்ட கற்றல் முறையும் முன்னோட்டம், வினா, வாசிப்பு, சொல்லிப் பார்த்தல், மீட்டல் என இவ்வாறே அமைந்தது. வீட்டிலே பயில்வோர் நாடோறும் பத்திரிகைத் தலையங்கமொன்றைக் கடிகாரத்தை வைத்துக்கொண்டு வாசிக்கலாம். வாசித்த வரிகளை ஒரு வெற்று அட்டையால் மூடிச் சென்றால் வழக்கத்தாற் பின்னோக்குங் கண் நாளடைவில் அடங்கும். விளங்காமையால் பின்னோக்குவது குற்றமன்று. அப்போது அட்டையை எடுத்துவிடுக. முடிந்தபின் பத்திரிகையை மடித்துவைத்துச் சாரத்தை இரண்டு வாக்கியங்களிற் கொப்பியில் எழுதுக. எழுத இயலாவிடில் அன்று சென்ற வேகம் மிகை, மறுநாட் குறைத்துக்கொள்க.

மெல்ல வாசிக்கும் அம்மாணவனை வினாக்களை முன்னர் வாசிக்கும்படி மாத்திரமே பழக்கினேன். உதட்டை அவனே அடக்கிக்கொண்டான். இரண்டு தவணை சென்றபின் அவன் விடைத்தாளிலே கடைசி வினாவுக்கும் விடை இருந்தது. அவ்விடை பிழை, ஆயினும் மணியடிக்குமுன் எழுதப்பட்டிருந்தது.